தேடினால் முதலில் வரும் முகம்

போன புதன்கிழமை மத்தியானம், பாதித் தலையில் கறுப்புப் பசையும் கழுத்தைச் சுற்றிப் பழைய துண்டுமாக நான் உட்கார்ந்திருந்தபோது, ஒரு கல்யாணம் நடக்குமா நிற்குமா என்பது என் கண்ணெதிரே முடிவானது. எழுந்து வெளியே போயிருக்கலாம்தான். அந்தத் தலையோடு எங்கே போவது?

ஆமாம் – நான் தலைக்கு டை அடிக்கிறேன். இந்தப் பக்கத்தில் வரும் என் போட்டோவைப் பார்த்து, ‘உங்களுக்கு மட்டும் நரைக்கவே இல்லையே’ என்று ஆச்சரியப்பட்டு எழுதிய வாசகிகள் மன்னிக்கவும்.

நான் போகும் ப்யூட்டி பார்லரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அதை நடத்துகிற பெண்மணியை வசந்தா என்று வைத்துக்கொள்வோம். அதுவும் நிஜப் பெயர் இல்லை. ஏன் இத்தனை மர்மம் என்கிறீர்களா? படித்துக்கொண்டே வாருங்கள், புரியும்.

விருத்தாசலத்தில் வசந்தாவின் பார்லர் ஒரு மாடியில் இருக்கிறது. கீழே செராமிக் சாமான் கடை. கப்பு, ஜாடி, பொம்மை, பூந்தொட்டி. மாடிக்கு ஏறுகிற பெண்கள் யாரும் வீட்டில் ‘பார்லருக்குப் போகிறேன்’ என்று சொல்லிவிட்டு வருவதில்லை. ‘கப்பு வாங்கிட்டு வரேன்’ என்று சொல்வார்கள். சொன்ன பொய்க்கு ஆதாரம் வேண்டுமே... திரும்பும்போது கீழ்க்கடையில் நிஜமாகவே ஒரு கப்பு வாங்கிக்கொள்வார்கள். நம் ஊரில் கப்புக்கா பஞ்சம்? சூளையிலிருந்து இறங்கும்போது லேசாகக் கோணிப் போனதெல்லாம் சல்லிசாகக் கிடைக்கும்.

அதனால் நான் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் சமையலறை அலமாரியைத்தான் பார்ப்பேன். நாலு பேர் இருக்கிற வீட்டில் இருபது கப்பு தொங்கினால், சரி, இந்த வீட்டம்மா மாதாமாதம் புருவம் திருத்துகிறார் என்று அர்த்தம். என்ன செய்வது, என் புத்தி அப்படி. பால்காரர் சிரித்தால்கூட இன்றைக்குத் தண்ணீர் கொஞ்சம் கூடுதலோ என்று தோன்றும்.

மாடிப்படியில் யாரும் செருப்பை விட மாட்டார்கள். செருப்பை வைத்தே ஆளைச் சொல்லிவிடுகிற ஊர் இது. கழற்றிக் கையில் எடுத்து உள்ளே கொண்டுவந்து, பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டுத்தான் உட்காருவார்கள்.

வசந்தா பாண்டிச்சேரியில் கோர்ஸ் படித்துவிட்டு வந்தவர். கணவர் தொழிற்பேட்டையில் ஒரு செராமிக் கம்பெனியில் சூளை வேலை. வசந்தாவின் கை ரொம்ப சுத்தம். நூலை வாயில் கடித்துக்கொண்டு புருவத்தில் இழுத்தால், இழுத்த இடம் மறுநாள் வரை சிவக்காது. அவரிடம் ஒரு ஆல்பம் உண்டு. யார் முகத்தைச் சரிசெய்தாலும் செல்போனில் முன்பு ஒன்று, பின்பு ஒன்று என்று படம் எடுத்து, ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு ஒட்டி வைத்திருப்பார். புதிதாக வருகிறவர்கள் தயங்கினால் அந்த ஆல்பத்தைத் திறப்பார். திறக்கும்போதே கட்டைவிரலைப் படத்தில் இருக்கிற கண்ணின் மேல் வைத்துவிடுவார். ‘பாருங்க, இந்தப் பொண்ணுக்கு எப்படி இருந்திச்சி, இப்ப எப்படி ஆயிடிச்சி.’ அடுத்த பக்கம் புரட்டினால், கட்டைவிரல் அடுத்த கண்ணுக்குத் தாவும். நானும் எத்தனையோ முறை எட்டிப் பார்த்திருக்கிறேன். ஒரு முகத்தைக்கூடக் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த தொழிலுக்கு என்ன வந்தது? நெட் வந்தது.

அடுத்த தெரு வாத்தியார் மகள் பெங்களூரில் ஐடி வேலை. பள்ளிக்கூட நாளிலிருந்து அந்தப் பெண்ணின் புருவம் வசந்தாவின் கையில் வளர்ந்தது. கல்யாணத்துக்கு மேக்கப் போட யார் வந்தார்கள் தெரியுமா? சென்னையிலிருந்து கார் வைத்துக்கொண்டு ஒரு பெண் வந்தார். வசந்தா ரிசப்ஷனுக்கு விருந்தாளியாகப் போய், நடு வரிசையில் உட்கார்ந்து, மேடையையே பார்த்துவிட்டு வந்தார். மூஞ்சி ஒரு கலர், கழுத்து ஒரு கலராம். அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனார். அந்தப் பெண்ணிடமே ஒருநாள் கேட்டும்விட்டார். நெட்டில் தேடினேன் ஆன்ட்டி, நம் ஊர் என்று போட்டால் எதுவுமே வரவில்லை என்று அது சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டது. தெருவில் நடந்து வந்தால் நாலு நிமிஷத்தில் வருகிற இடம்!

அந்த முகூர்த்த சீசனில் வசந்தாவுக்குக் கல்யாணப் பெண் ஒன்றுகூட வரவில்லை. புருவத்தையும் ஃபேஷியலையும் மட்டும் நம்பி மாடி வாடகை கட்ட முடியுமா? இன்னொரு சீசன் இப்படிப் போனால் கடையைப் பூட்டிவிட்டுப் பொம்மைக்குப் பெயின்ட் அடிக்கப் போக வேண்டியதுதான் என்று அவர் சொன்னபோது, நான் கண்ணாடியில் என் வகிட்டைப் பார்த்துக்கொண்டேன். என் தலை என்னாவது?

அப்போதுதான் தினேஷ் வந்தான். நம் ஊர்ப் பையன்தான். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்து, அங்கே ஆட்களைக் குறைத்தபோது திரும்பி வந்து, ஜங்ஷன் ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டர் போட்டிருக்கிறான். வசந்தாவுக்கு வெப்சைட் செய்து தருகிறானாம். செய்வது மட்டுமில்லை... யார் எங்கிருந்து தேடினாலும் முதல் பக்கத்தில், முதல் பெயராக வர வைக்கிறானாம். 

இந்த இடத்தில் எனக்கு மூக்கு வியர்த்துவிட்டது. முதலில் வர வைக்கிறேன் என்று சொல்கிறவர்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம்? பரீட்சையில் முதலில் வர வைக்கிறேன் என்றவர், சீட்டு முதலில் விழ வைக்கிறேன் என்றவர்... அவனை உட்கார வைத்து விசாரித்தேன். ஊரில் எல்லாருமே உன்னிடம் வந்து கேட்டால், எல்லாரையும் முதலில் வர வைப்பாயா தம்பி என்று கேட்டேன்.

“இதுவரைக்கும் விருத்தாசலத்துல வேற யாரும் கேக்கல மேடம்” என்றான் பவ்யமாக.

சட்டென்று பதில் வைத்திருக்கிறவர்களை நான் நம்புவதில்லை. சந்தேகம் இரண்டு மடங்கானது. இவன் எதைக் கேட்டாலும் என்னைக் கேட்காமல் கொடுத்துவிடாதே என்று வசந்தாவுக்குக் காதில் ஓதினேன். நான் பணத்தைத்தான் நினைத்தேன். அவன் கேட்டது ஆல்பத்தை.

அவன் கணக்கு இதுதான். தேடுகிற மெஷினுக்குப் படத்தைப் பார்க்கத் தெரியாதாம், எழுத்தைத்தான் படிக்குமாம். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் கீழே இங்கிலீஷில் விவரம் எழுத வேண்டும். யார், எந்த ஊர், என்ன பிரச்சினை, என்ன செய்தோம். ஊர்ப் பெயர்கள் எவ்வளவு வருகிறதோ அவ்வளவு நல்லது. பொய்யாக எழுதினால் மெஷின் கண்டுபிடித்துக் கீழே தள்ளிவிடும், நிஜமாக எழுதினால் மேலே தூக்கி வைக்கும்.

நிஜத்தை எழுதச் சொன்னால் வசந்தாவுக்குக் கசக்குமா? ஆல்பத்தைப் புரட்டிப் புரட்டி ஞாபகத்திலிருந்து சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். இது ஸ்ரீமுஷ்ணம், கரும்புள்ளி. இது கம்மாபுரம் பக்கம், முகப்பரு, மேலுதட்டு முடி. இது இன்னார் மகள்... அவன் டைப் அடித்துக்கொண்டே வந்திருக்கிறான். படங்களை ஸ்கேன் எடுத்தபோது, பாவம், அவனுக்குக் கட்டைவிரல் சமாச்சாரம் தெரியாது. வசந்தாவுக்கும் அது உறைக்கவில்லை. ஏன் என்று பிறகு கேட்டேன். நெட் பார்க்கிறவர்கள் எல்லாம் சென்னை, பெங்களூர்க்காரர்கள், நம் ஊர்க்காரர்கள் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தாராம். அந்த ஊர்க்காரர்களுக்கு நம் பெண்களைத் தெரியவா போகிறது?

நியாயமாகத்தானே இருக்கிறது? ஆனால், வீட்டுக்கு ஒரு ஆள் சிங்கப்பூரிலோ துபாயிலோ உட்கார்ந்திருக்கிற ஊர் இது என்பதை அவர் மறந்துவிட்டார்.

நான் என் பங்குக்குத் தினேஷை வேவு பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வாரம் தேடினேன், வரவில்லை. ‘பார்த்தாயா’ என்றேன் வசந்தாவிடம். அடுத்த முறையும் இல்லை. ‘சொன்னேனா இல்லையா’ என்றேன். அப்புறம் ஒருநாள் அவன் சென்டரில் உட்கார்ந்து, ஊர்ப் பெயரையும் ப்யூட்டி பார்லரையும் அடித்தேன். முதல் வரியில் வசந்தாவின் பார்லர்!

இதில் ஏதோ தகிடுதத்தம் இருக்கிறது, அவன் மெஷினில் மட்டும் அப்படி வருகிற மாதிரி செய்து வைத்திருக்கிறான் என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் இன்னொரு சென்டருக்குப் போனேன். அங்கேயும் முதல் வரி. கோயம்புத்தூரில் இருக்கிற என் மகளுக்குப் போன் போட்டு ஆபீஸில் தேடச் சொன்னேன். “ஃபர்ஸ்ட்டு வருதும்மா. இப்ப வேலை பாக்கட்டுமா?” என்றாள்.

வருகிறதா என்று மூன்று இடத்தில் பார்த்தேனே தவிர, என்ன வருகிறது என்று நான் திறந்து பார்க்கவில்லை. சந்தேகப்படுகிறவர்களின் லட்சணம் இவ்வளவுதான்.

அந்த மாதம் பெங்களூரிலிருந்து ஒரு பெண் போன் செய்து கல்யாணத்துக்குப் பேசிக்கொண்டாள். பூர்வீகம் ஸ்ரீமுஷ்ணமாம். அப்புறம் சென்னையிலிருந்து ஒன்று. வசந்தா எனக்கு ஸ்வீட் வாங்கிக் கொடுத்தார். தினேஷ் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கூடுதலாகச் சிரித்தான். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

இனி பூங்கொடி. இதுவும் மாற்றிய பெயர்தான். கம்மாபுரம் பக்கத்துக் கிராமத்துப் பெண். டீச்சர் ட்ரெய்னிங் முடித்தவள். நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போன பிறகு அந்தக் குடும்பத்துக்கு மிஞ்சிய பெரிய காரியம் இவள் கல்யாணம்தான். முகத்தில் பருவும், மேலுதட்டிலும் தாடையிலும் முடியுமாக வந்த பெண்ணை வசந்தாதான் பல மாதம் பாடுபட்டுத் தேற்றினார். அதன் பிறகுதான் பெண் பார்க்கவே ஆள் வரச் சம்மதித்தாளாம். சேத்தியாத்தோப்பிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை. பிடித்துவிட்டது. நிச்சயதார்த்தத்துக்கு நாளும் குறித்துவிட்டார்கள்.

முன்பெல்லாம் பெண்ணைப் பற்றி விசாரிக்க என்ன செய்வார்கள்? டீக்கடையில் கேட்பார்கள், ஸ்கூல் வாசலில் கேட்பார்கள், தூரத்துச் சொந்தம் யாராவது மாட்டினால் பிடித்துக் குடைவார்கள். இப்போது அவ்வளவு அலைச்சல் எதற்கு? மாப்பிள்ளை சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு, கட்டிக்கப் போகிற பெண்ணின் பெயரையும் ஊரையும் ஆசையாகக் கம்ப்யூட்டரில் அடித்திருக்கிறார்.

வந்தது. முதல் வரியில் வந்தது. இரண்டு படம்... முன், பின். கீழே பெயர், ஊர், முகப்பரு, மேலுதட்டு முடி, தாடை முடி. எல்லாம் நிஜம்.

அவர் அதைச் சிதம்பரத்தில் இருக்கிற தங்கைக்கு அனுப்ப, தங்கை அதைத் தாளில் பிரிண்ட் எடுத்து அம்மாவிடம் கொண்டுபோய் நீட்டியிருக்கிறாள். மறைத்துக் கட்டிவைக்கப் பார்க்கிறார்கள் என்று ஒரே ரகளை. பெண் வீட்டுக்குப் போன் பறந்தது.

பூங்கொடியின் அம்மா மாடிப்படி ஏறி வந்தபோது நான் அங்கே இல்லை. வசந்தா சொல்லித்தான் தெரியும். கத்தவில்லையாம். பெஞ்சில் உட்கார்ந்து, வசந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாராம்.

“உன்ன நம்பித்தானேம்மா படியேறி வந்தோம். எம்பொண்ணு மூஞ்ச ஊரு பூராவும் பாக்க வெச்சிட்டியே.”

கல்யாணமே வேண்டாம், யாரும் என்னைப் பார்க்க வரவேண்டாம் என்று பூங்கொடி அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டாளாம். பரு வந்த காலத்தில் எப்படி முகத்தை மூடிக்கொண்டு கிடந்தாளோ, மறுபடியும் அப்படியே. இதைச் சொல்லும்போது வசந்தா அழுதுவிட்டார். நான் தினேஷின் சென்டருக்குப் போய் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் என் முன்னாலேயே எல்லாப் படங்களையும் அழித்தான்.

அழித்துவிட்டுத் தேடிப் பார்த்தோம். அப்போதும் வந்தது! அழித்த படம் எப்படியடா வருகிறது என்றால், மெஷின் பழையதை ஞாபகம் வைத்திருக்குமாம், தானாக மறக்கக் கொஞ்ச நாளாகுமாம், எழுதிக் கேட்டுப் பார்க்கிறானாம். மேலே ஏற்றத் தெரிந்தவனுக்குக் கீழே இறக்கத் தெரியவில்லை. இதில் எனக்கு உறுத்திய விஷயம் என்னவென்றால், அவன்மேல் குற்றம் சொல்லவும் இடமில்லை. சொன்னதைச் செய்தான். நான் அவனை ஏமாற்றுக்காரன் என்று நினைத்தேன். ஏமாற்றியிருந்தால் ஒரு தொல்லையும் வந்திருக்காது.

போன வாரம் பூங்கொடியின் அம்மா வசந்தாவுக்குப் போன் செய்தார். மாப்பிள்ளையின் அம்மா கல்யாணத்தைப் பற்றிச் சரி என்றும் சொல்லவில்லையாம், வேண்டாம் என்றும் சொல்லவில்லையாம். ‘அந்தக் கடை எங்க இருக்குதுன்னு மட்டும் சொல்லுங்க. நான் நேர்ல பாத்துக்கறேன்’ என்றாராம். புதன்கிழமை வருகிறார்.

‘நேர்ல பாத்துக்கறேன்’ என்றால் என்ன அர்த்தம்? எனக்குத் தெரிந்து அதற்கு நல்ல அர்த்தமே கிடையாது. நான் வசந்தாவுக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்தேன். படம் மாறிப்போய்விட்டது, முதல் படத்தில் இருப்பது வேறு யாரோ, கம்ப்யூட்டர் பையன் தப்பாக ஒட்டிவிட்டான் என்று சொல்லிவிடு. பெண்ணின் வாழ்க்கை பிழைக்கும், உன் கடையும் பிழைக்கும். தினேஷ் நாலு வசவு வாங்கிக்கொள்ளட்டும். அவனும் சரி என்றுவிட்டான். வசந்தா தலையை ஆட்டினார். நீங்களும் கூட இருங்க அக்கா என்றார்.

புதன்கிழமை போனேன். வசந்தா சீப்புகளை எடுத்து எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். “சும்மா இருந்தா கை நிக்க மாட்டேங்குதுக்கா, உக்காருங்க” என்று டையைக் குழைத்து என் தலையில் பூச ஆரம்பித்துவிட்டார். பாதித் தலை முடிந்திருக்கும்... படியில் காலடி.

நல்ல உயரம். கனத்த உடம்பு. பருத்திப் புடவை. முந்தானையை வாய்மேல் வைத்துப் பொத்திக்கொண்டே உள்ளே வந்தார் மாப்பிள்ளையின் அம்மா. கெமிக்கல் வாசனை பிடிக்கவில்லை போலிருக்கிறது, அல்லது இந்த இடமே பிடிக்கவில்லை என்று நினைத்தேன். கண்ணாடி முன்னால் இருந்த நாற்காலியை, கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். விசாரணைக்கு உட்கார்கிற தோரணை. தண்ணீர் கொடுத்தார் வசந்தா. அந்த அம்மா வாங்கிக் கீழே வைத்தார், குடிக்கவில்லை. என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். என் தலையைப் பார்த்து ஆபத்தில்லாத ஆள் என்று முடிவு செய்திருக்க வேண்டும்.

“நீதான் அந்தப் பொண்ணுக்குப் பண்ணியா?” என்றார், முந்தானைக்குள்ளிருந்து.

“ஆமாங்கம்மா.”

“படத்துல இருக்கறது நெசமா? ரெண்டும் ஒரே ஆளுதானா?”

வந்துவிட்டது இடம். வசந்தாவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். சொல்லு... படம் மாறிப்போச்சுன்னு சொல்லு. வசந்தா டை பிரஷ்ஷைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

“ரெண்டும் அந்தப் பொண்ணுதாங்க. மொதப் படத்துல இருந்த மாதிரிதான் வந்திச்சி. நான்தான் பண்ணேன். அத நெட்டுல போட்டது என் தப்புங்க, பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல.”

தொலைந்தது என்று நினைத்தேன். இப்படியும் ஒரு மனுஷி உண்டா? எழுதிக் கொடுத்த மாதிரி பொய்யைக் கையில் கொடுத்தும், அதைச் சொல்லத் தெரியவில்லையே! எனக்கு வந்த ஆத்திரத்தில், பசை நெற்றிக்கு வழிவதைக்கூடத் துடைக்கவில்லை.

அந்த அம்மா விடவில்லை. எடுத்த முடி மறுபடி முளைக்குமா என்று கேட்டார். முளைக்கும், மாதம் ஒருமுறை எடுக்க வேண்டும் என்றார் வசந்தா. கல்யாணத்துக்கு அப்புறமுமா? அப்புறமும்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கேள்வி ஒவ்வொன்றும் கல்யாணத்தை நிறுத்துவதற்கு ஒரு செங்கல்லை எடுத்து வைப்பது போலவே இருந்தது. 

அடுத்த கேள்வி மட்டும் கொஞ்சம் தடம் புரண்டது.

“வலிக்குமா?”

வலித்தால் இவருக்கு என்ன? மாப்பிள்ளை வீட்டார் கேட்கிற கேள்வியா இது?

“மொத வாட்டி கண்ணுல தண்ணி வந்துடும்ங்க. அப்பறம் பழகிடும்” என்றார் வசந்தா.

“வயசானவங்களுக்கும் பண்ணுவியா?”

வசந்தா அந்த அம்மாவையே பார்த்தார். பிறகு போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து நின்றார்.

அந்த அம்மா முந்தானையை இறக்கினார்.

தாடை நெடுக வெள்ளை முடி, விறைப்பாக. இடையிடையே சின்னச் சின்னத் தழும்புகள், சில இடங்களில் புதிய கீறல். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. நான் பார்ப்பது தெரிந்தும் அவர் மறுபடி மூடிக்கொள்ளவில்லை.

“வருஷக் கணக்கா இருக்குதும்மா. எங்க வூட்டுக்காரரு இருந்த வரைக்கும் அவுரு ப்ளேட எடுத்து, யாரும் இல்லாதப்ப வழிச்சிக்குவேன். அவுரு போயிட்டாரு. அப்பறம் நான் கடைக்குப் போயி ப்ளேடு குடுன்னு எப்படிக் கேக்கறது? எதுக்குன்னு கேப்பான்ல. லீவுல வர்ற புள்ளையாண்டானும் கேப்பான். கத்திரியால வெட்டி வெட்டி... பாரு, இப்படிக் கெடக்குது.”

வசந்தா பக்கத்தில் போய் அவர் தாடையைத் தொட்டுப் பார்த்தார். டாக்டர் தொடுகிற மாதிரி, சும்மா, சாதாரணமாக. அந்த அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. யாரும் அந்த முகத்தைத் தொட்டு எத்தனை வருஷமாயிற்றோ!

மகள் கொண்டுவந்து நீட்டிய அந்தத் தாளை இவர் திருப்பிக் கொடுக்கவில்லையாம். பெட்டியில் துணிக்கு அடியில் வைத்துக்கொண்டு, தனியாக இருக்கும்போது எடுத்து எடுத்துப் பார்த்தாராம். முன்னே ஒரு முகம், பின்னே ஒரு முகம். நிஜமாக இப்படி ஆகுமா, இல்லை கம்ப்யூட்டரில் அழித்துக் காட்டுகிறார்களா என்று சந்தேகமாம். அதைக் கேட்கத்தான் பஸ் ஏறி வந்திருக்கிறார். படம் மாறிப்போச்சு என்று மட்டும் வசந்தா சொல்லியிருந்தால், அப்படியே முந்தானையைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போயிருப்பார். நான் சொல்லிக் கொடுத்த புத்திசாலித்தனம் அது.

மகன் என்ன சொன்னார் என்று வசந்தா தயங்கித் தயங்கிக் கேட்டார். 

“அவன் என்ன சொல்றான்... பாவம்மா, அந்தப் புள்ள எவ்ளோ கஷ்டப்பட்டுதோன்றான். எம்மவதான் குதிக்கறா. குதிக்கட்டும். அவளுக்கு என்ன தெரியும், அவ மூஞ்சி அவங்கப்பா மாதிரி வழவழன்னு.”

வசந்தா நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினார். பவுடரைத் தடவினார். நூலை எடுத்து வாயில் கடித்தார். அந்த அம்மா நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, ஒரு சத்தம்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. அது வலியா, வேறு ஏதாவதா, யார் கண்டது?

முடிந்த பிறகு கண்ணாடியை ரொம்ப நேரம் பார்த்தார். தாடையைத் தடவினார். இன்னொரு முறை தடவினார். வெயிலில் போகாதீங்க, இன்றைக்குச் சோப்பு போடாதீங்க என்று வசந்தா சொன்னதெல்லாம் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. 

புறப்படும்போது வசந்தா மெதுவாக ஆரம்பித்தார். பூங்கொடி கல்யாணமே வேண்டாம் என்று அறைக்குள் உட்கார்ந்திருக்கிறாள், நீங்கள் ஒரு வார்த்தை பேசினால் நன்றாக இருக்கும் என்று இழுத்தார்.

அந்த அம்மா பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். முந்தானை தோளில் இருந்தது.

“அவ கல்யாணத்துக்கு அப்பறமும் மாசா மாசம் வரணும்னு சொன்னியேம்மா... சேத்தியாத்தோப்புலேர்ந்து அவ தனியா எப்படி வருவா? நானும் கூட வந்துடறேன். ரெண்டு பேருக்கும் சேத்தே பண்ணி வுட்டுடு. இத நானே போயி அவகிட்ட சொல்றேன்.”

அங்கேயிருந்து நேராகக் கம்மாபுரம் பஸ்ஸுக்குத்தான் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிச்சயதார்த்தம் குறித்த நாளிலேயே நடக்கிறது. பூங்கொடி மேக்கப்புக்கு வசந்தாவைத்தான் வரச் சொல்லியிருக்கிறாள், போட்டோ எடுக்கக் கூடாது என்ற கண்டிஷனோடு. எனக்கு நெற்றியில் வழிந்த கறுப்பு இன்னும் போகவில்லை. பார்க்கிறவர்கள் என்னவென்று விசாரிக்கிறார்கள்.

அது போகட்டும். அந்த அம்மாவின் பெயர் என்ன என்று வசந்தா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. என் ஆயுசில் நான் கேட்காமல் விட்ட ஒரே கேள்வி அதுதான்.